கல்லெழுத்தைக் காகிதத்தில் ஏற்றிய கேப்டன்

நண்பர் ஒருவரிடம் இலக்கமுறை எஸ்.எல்.ஆர். காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒருநாள் காலை கிழக்கேகோட்டைக்குச் சென்றேன். பத்மதீர்த்தக் கரையில் நின்று பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது என் ஆவல். காமிராவில் பொருத்தியிருந்ததோ 50 மில்லிமீட்டர் பிரைம் வில்லை. அதன் குவியத் தூரம் ஒன்றே. திருகிக் காட்சியை அருகில் இழுக்கவும் இயலாது, அகலப்படுத்தவும் இயலாது. கோபுரம் முழுவதும் அடங்க வேண்டுமாயின் நான்தான் பின்னோக்கி நடக்க வேண்டும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரமோ பின்புறம் சாய்ந்து விழுவது போல் தோன்றிற்று. வியர்த்து விறுவிறுத்து நின்ற அந்த வேளையில் என் நினைவில் வந்து நின்றவர் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டெவன்போர்ட்டில் 1822 ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850 ஐ ஒட்டி விடுமுறையில் தாயகம் சென்றவரை ஒரு புதிய கலை கவர்ந்தது. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. வாளேந்தப் பழகிய கை வில்லையைத் துடைக்கவும் வெள்ளி உப்பைக் கலக்கவும் பழகிற்று. 1854 இல் இந்தியா திரும்பியதும் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855 இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அவ்வாண்டே பர்மிய மன்னர் மிண்டோனிடம் சென்ற தூதுக்குழுவுடன் போய், இருநூறுக்கும் மேற்பட்ட நெகடிவ்களோடு மீண்டார். 1856 இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் நிழற்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சித் தீ இன்னும் அணையாத காலம். இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என மாட்டு வண்டிகளில் பெட்டி பெட்டியாய்க் கருவிகளும் மருந்துகளும் ஊர்ந்து சென்றன. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் தமிழகத்தின் முகத்தையே படமாக்கிவிட்டார் எனலாம். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும், திருச்சிக் குன்றும், பெரிய கோயில் விமானமும் அன்றிருந்த கோலத்தை இன்று நாம் காண முடிவது அந்தப் பயணத்தால்தான்.

அவர் காமிராவின் அளவை எண்ணிப் பாருங்கள். நெகடிவ் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். இன்றைய முழுச்சட்டக் காமிராவின் உணர்வுத்தகடு 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர். பரப்பில் நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு! நெகடிவைத் தாளின்மேல் ஒட்டவைத்து வெயிலில் அச்செடுத்த காலம் அது; படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவ் வேண்டும். கண்ணாடித் தகட்டில் பூசும் கொலோடியன் ஈரம் உலருமுன் படமாக வேண்டும். நம் நாட்டு வெயில் அதற்குப் பொறுக்குமா? ஆகவே மெழுகேற்றிய காகிதத்தை முன்கூட்டியே பதப்படுத்தி வைத்துக்கொண்டார். ஒரு படத்துக்குப் பல நிமிட ஒளி தேவை. இடையே நடந்து போனவர்கள் படத்தில் பதியவே இல்லை. வெள்ளி அயோடைடு நீல ஒளிக்கே மிகுதியாக மசியும். ஆதலால் வானம் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். டிரைப் தூரிகை எடுத்து நெகடிவின்மேல் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார்!

ஆயினும் அவர் செய்தவற்றுள் என் உள்ளத்தை ஆட்கொண்டது தஞ்சையில் செய்த செயலே. 1010 இல் நிறைவுற்ற அவ்விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி இராசராசன் கொடைகளைக் கல்லில் பொறித்து வைத்தான். அந்த வரிகளை டிரைப் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே சுருளாக்கினார். குவியத் தூரம் மாறாத வில்லையில் எழுத்தின் அளவு காமிரா நிற்கும் தொலைவைப் பொறுத்தது. தொலைவு ஒரு முழம் பிசகினால் அடுத்த படத்தில் எழுத்து சிறுக்கும், வரி ஒட்டாது. எத்தனை முறை அளந்திருப்பார்! எத்தனை முறை காமிராவை நகர்த்தியிருப்பார்! கல்வெட்டறிஞர் ஹுல்ச் அவ்வெழுத்துகளைப் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891 இல். அதற்கு 33 ஆண்டுகள் முன்னரே அவை காகிதத்தில் ஏறிவிட்டன.

ஆட்சியின் கண் எதற்காகக் கோயில்களை நோக்கிற்று என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆண்ட நாட்டை அளந்து பட்டியலிடுவது அவர்கள் வழக்கம். ஆனால் பட்டியலுக்கு மேகம் தேவையில்லை. மேகம் தீட்டியவன் கலைஞன்.

அக்கலைஞனுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1859 இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இதை வீண் செலவென்று கருதினார். 1860 இல் அப்பணி நிறுத்தப்பட்டது. அப்போது டிரைப்புக்கு 38 வயது. அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. படைப்பணி முடிந்து ஊர் திரும்பி, சங்கும் சிப்பியும் பவளமும் சேர்த்துக் காலம் கழித்து 1902 இல் மறைந்தார். 2014 இல் வாஷிங்டனிலும் அடுத்த ஆண்டு லண்டனிலும் அவர் படங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது. பாராட்டு வந்தது, பெறுவதற்கு அவர் இல்லை.

நண்பர்களே, வயிற்றுப் பாட்டுக்கோ படிப்புக்கோ ஊர் விட்டு வந்தவர்கள் நாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் கையில் காமிரா இருக்கிறது, கைப்பேசியேனும் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் மதிலில் சுண்ணாம்பு பூசி மறைந்துவரும் எழுத்துகள் எத்தனையோ! பிறமொழியாளர் ஒருவர் தூக்கிச் சுமந்த பெட்டியின் எடை நமக்கு இல்லை. அடுத்த முறை கோபுரத்தின் முன் நின்று நம்மை நாமே படமெடுத்துக்கொண்ட பிறகு, சற்றே குனிந்து அடித்தளத்தையும் ஒரு படம் எடுப்போம்.