பப்பனிக்கொலாவுவும் கண்ணாடித் தகடும்

இலங்கையில் 1996 ஆம் ஆண்டு சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டது முதல், பப் பரிசோதனை என்ற சொல் நம் பெண்கள் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆயினும் அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்த சுருக்கம் என்பதை அறிந்தோர் குறைவு. கிரேக்க நாட்டின் எவியா தீவிலுள்ள கிமி என்னும் ஊரில் 1883 இல் பிறந்த ஜோர்ஜ் பப்பனிக்கொலாவுவே அவர்.

தந்தை வைத்தியர். மகனும் ஏதென்ஸில் மருத்துவம் பயின்று 1904 இல் பட்டம் பெற்றார். எனினும் அவரது நாட்டம் ஆய்விலேயே இருந்தது. 1910 இல் மியூனிச்சில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1913 இல் மனைவி அன்ட்ரொமாக்கியுடன் சொற்பப் பணத்தோடு நியூயோர்க்கில் வந்திறங்கினார். கடையொன்றில் அவர் கம்பளம் விற்றார். மனைவி பொத்தான் தைத்தார். 1914 இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பின்னரே நிலைமை மாறியது.

கினிப்பன்றிகளில் சூல் வெளிப்படும் வேளையை, அவற்றைக் கொல்லாமல் அறிவது அவரது தேவை. யோனிக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, நாளுக்கு நாள் கலங்களின் தோற்றம் மாறுவதைக் கண்டார். பெண்களிலும் இதனை ஆராய முற்பட்டபோது, பல்லாண்டுகள் தன் உடலையே ஆய்வுக்குத் தந்தவர் அன்ட்ரொமாக்கி. ஊதியமின்றி ஆய்வுகூடப் பணியையும் அவரே கவனித்தார். அந்தப் பரிசோதனைக்கு அவரது பெயரும் சூட்டப்பட்டிருக்கலாம்.

இவ்வாய்வின் இடையே புற்றுநோய்க் கலங்கள் தகட்டில் தென்பட்டன. 1928 இல் மிச்சிகன் மாநிலத்தின் பட்டில் கிரீக் நகரில் இதனை அறிவித்தபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. ருமேனியாவின் ஒரெல் பாபெஷும் அதே காலத்தில் இத்தகைய முறையைத் தனித்தே கண்டறிந்திருந்தார். பெண்நோயியல் நிபுணர் ஹேர்பேர்ட் ட்ராட்டுடன் இணைந்து 1941 இல் கட்டுரையும் 1943 இல் நூலும் வெளியிட்ட பின்னரே பப்பனிக்கொலாவுவின் பணி ஏற்கப்பட்டது. மியாமியில் புற்றுநோய் ஆய்வு நிலையமொன்றின் பொறுப்பை ஏற்றுச் சில மாதங்களில், 1962 பெப்ரவரியில் அவர் காலமானார்.

இப்பரிசோதனை காத்த உயிர்கள் ஏராளம். ஆனால் அது எல்லாப் புற்றுநோயையும் ஒரே திறனுடன் காண்பதில்லை. கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தைத் தட்டையான கலங்களும், உட்கால்வாயைச் சுரப்பிக் கலங்களும் போர்த்தியுள்ளன. தட்டையான கலங்களில் தோன்றும் மாற்றம் சுரண்டும் கருவிக்கு எளிதில் எட்டும். சுரப்பிக் கலங்களின் மாற்றமோ கால்வாயின் மேற்பகுதியிலும் மடிப்புகளின் ஆழத்திலும் ஒளிந்திருக்கக்கூடும். தகட்டுக்கு வந்து சேர்ந்தாலும், அழற்சியால் மாறிய சாதாரண கலங்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். ஒழுங்கான பரிசோதனைத் திட்டங்கள் உள்ள நாடுகளில் முதல்வகைப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தும், சுரப்பிவகை அவ்வாறு குறையாது போனமைக்கு இதுவே முக்கிய காரணம்.

கால்வாயினுள் நுழையும் சிறு தூரிகை பின்னர் வந்து இக்குறையை ஓரளவு தீர்த்தது. 2001 இல் திருத்தப்பட்ட பெதெஸ்டா வகைப்பாடு, சுரப்பிக் கலங்களின் தொடக்கநிலைப் புற்றுக்குத் தனியிடம் அளித்தது. இந்நோய்க்கும் பப்பிலோமா வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஹரால்ட் சூர் ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரஸைத் தேடும் பரிசோதனை, தகடு தவறவிடும் சுரப்பிவகை மாற்றங்கள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. வைரஸுடன் தொடர்பற்ற சில அரிய வகைகள் அதற்கும் தப்பிவிடுகின்றன.

ஆகவே உறவின் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ குருதி கசியுமாயின், அறிக்கை நன்றாக இருப்பினும் வைத்தியரை நாட வேண்டும். சுரப்பிக் கலங்களில் ஐயம் என அறிக்கை கூறினால், இன்னொரு தகடு எடுத்துக் காத்திருப்பது போதாது. உருப்பெருக்கியால் நேரில் பார்த்து, கால்வாயின் உள்ளிருந்தும் இழையம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.