எலிசபெத் ஹேசன் அம்மையார்

பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் பாக்டீரியாக்களை அடக்கின. ஆனால் அவற்றை உண்டோரின் வாயிலும் குடலிலும் பூஞ்சைக் காளான் தடுப்பாரின்றித் தழைத்தது. அதற்கு மருந்து தேடியவர் எலிசபெத் ஹேசன்.

1885-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நியூயார்க் நகரில் மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்து, பூஞ்சையைக் கொல்பவற்றை ஜாடியில் அடைத்து ஆல்பனி நகருக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே ரேச்சல் பிரௌன் அம்மையார் அவற்றின் சாரத்தைப் பிரித்துத் திருப்பியனுப்புவார். பெரும்பாலானவை விலங்குகளையும் கொன்றன!

1948-இல் வர்ஜீனியாவில் நண்பரின் பண்ணையில் எடுத்த மண்ணே கைகொடுத்தது. 1950-இல் இருவரும் அறிவித்த அம்மருந்துதான் நிஸ்டாட்டின். பூஞ்சையின் உயிரணுச் சவ்வைத் துளைத்துக் கொல்வது அது. நுண்ணுயிருக்கு நண்பரின் பெயர், மருந்துக்கு நியூயார்க் மாநிலத்தின் பெயர்! உரிமைத்தொகையாக வந்த 1.3 கோடி டாலரையும் இருவரும் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தனர். ஹேசன் 1975-இல் மறைந்தார்.