ரஷ்யாவில் அரசே எடுத்த படம்... இங்கே அரசே தடுத்த படம்! யார் இந்த கே. சுப்ரமணியம்?

1925-ல் ஐசன்ஸ்டீனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்', அடுத்த ஆண்டே புடோவ்கினின் 'தாய்'. சினிமாவால் சமூகத்தையே உலுக்க முடியும்னு உலகத்துக்குக் காட்டிய ரஷ்யப் படங்கள் இவை. ஆனால் அங்கே 'பொட்டெம்கின்' படத்துக்குப் பணமும் ஸ்டூடியோவும் கொடுத்தது அரசாங்கம். அரசாங்கமும் சொந்த ஊரும் எதிரே நின்றபோது அந்த வேலையைச் செய்தவர், கும்பகோணத்துக்குப் பக்கத்து பாபநாசத்துக்காரர்.

1904-ல் பிறந்த கே. சுப்ரமணியம் சட்டம் படித்தவர். கோர்ட்டை விட சினிமாதான் இழுத்தது. மௌனப்பட காலத்தில் ராஜா சாண்டோவிடம் தொழில் கற்று, 1934-ல் 'பவளக்கொடி' எடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம்.

புராணப் படமாகவே எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். 1937-ல் வந்தது 'பாலயோகினி'. உறவினர் துரத்திய பிராமண விதவைக்கு, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரர் வீட்டில் அடைக்கலம். அந்த விதவை வேடத்துக்கு நிஜமாகவே ஒரு விதவையை நடிக்க வைத்தார். தஞ்சை வைதிகர்கள் கொதித்துப்போய் அவரைச் சாதியை விட்டே விலக்கினார்கள். மக்களோ அதில் நடித்த பேபி சரோஜாவின் பெயரைத் தங்கள் பெண் குழந்தைகளுக்கு வைத்தார்கள்!

அடுத்த ஆண்டு, பிரேம்சந்த் கதையில் 'சேவாசதனம்', எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம். 1939-ல் கல்கி கதையில் 'தியாகபூமி'. ஆனந்த விகடனில் தொடர் வரும்போதே படத்தின் ஸ்டில்களும் வந்தன. சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் கணவனுக்கு, வேண்டுமானால் ஜீவனாம்சம் தருவதாகச் சொல்லிவிட்டு, கதாநாயகி சுதந்திரப் போராட்டத்துக்குப் போகிறாள். அந்தக் காலத்துக்கு இது சாதாரண விஷயமா?

காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்த பிறகு பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. தடை அமலுக்கு வருவதற்குள் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாக ஓட்டினார்கள். கூட்டம் அலைமோத, போலீஸ் தடியடி நடத்தியது. 'பொட்டெம்கின்' படத்தையும் பிரிட்டன் 1954 வரை பொதுத் திரையிடலுக்கு அனுமதிக்கவில்லை.

1951-ல் என்.எஸ். கிருஷ்ணனோடு இந்தியத் திரைக்குழுவில் சோவியத் ரஷ்யாவுக்கே போய்வந்தார் சுப்ரமணியம். 1971-ல் காலமானார். அவருடைய பல படங்கள் இன்று பார்க்கக் கிடைக்காது. 'தியாகபூமி' பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.