உத்தியோகமும் எழுத்தும்: அ. மாதவையா அவர்களின் சரித்திரம்

நமது சங்கத்தின் சஞ்சிகைக்கு ஒரு வியாசம் எழுதித் தருமாறு அன்பர்களைக் கேட்கும்போதெல்லாம், அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வின்மையையே காரணமாகக் கூறுகின்றனர். அது பொய்யன்று. சடையங்குப்பத்திலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் விடியுமுன் துறைமுகத்திற்கும் ஆலைகளுக்கும் புறப்பட்டு, விளக்கேற்றிய பின்னரே வீடு திரும்புகின்றனர். குழந்தைகளின் படிப்பு, பெற்றோரின் பிணி, உறவினர் வீட்டு விசேஷம் ஆகிய இவற்றிற்குப் போக எஞ்சுவது யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரின் சரித்திரத்தை இம்மாதம் கூறத் துணிந்தோம்.

அ. மாதவையா அவர்கள் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த பெருங்குளம் என்னும் ஊரில் பிறந்தார். அக்கால வழக்கப்படி, மாணவராயிருக்கும்போதே மீனாட்சி என்னும் சிறு பெண்ணுக்கும் அவருக்கும் விவாகம் நடைபெற்றது. பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1892-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மேலும் கற்கும் ஆவல் அவருக்கு இருந்தது. எனினும் குடும்பம் தாங்க ஊதியம் வேண்டுமன்றோ? ஆதலின் உப்பு, ஆப்காரி இலாகாவின் பரீட்சையில் தேறி உத்தியோகத்தில் அமர்ந்தார்.

அந்த உத்தியோகத்தின் தன்மையை நம் பக்கத்தாருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. எண்ணூர்க் கழியைச் சுற்றி உப்பளங்கள் விளங்கிய காலத்தைப் பற்றி நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கில அரசாட்சியில் உப்புக்கு வரியுண்டு. அனுமதியின்றி எடுத்த உப்பு குற்றப் பொருளாகும். உப்பு விளையும் நிலங்களையும், கள், சாராயக் கடைகளையும் மேற்பார்வையிடுவது இவ்விலாகாவின் பணி. அதிகாரிகள் குதிரை மீதேறி ஊர் ஊராகச் சுற்றவேண்டும். அடிக்கடி மாற்றலும் உண்டு. மாதவையா அவர்கள் தொடக்கத்தில் இராஜதானியின் வடகோடியாயிருந்த கஞ்சம் ஜில்லாவில் பணிபுரிந்தார். இலக்கியம் வளர்வதற்கு இதைவிடப் பொருந்தாத தொழில் வேறொன்றைத் தேடிக் காண்பதரிது.

ஆயினும் அவர் எழுதினார். பட்டம் பெற்ற ஆண்டிலேயே, இளம் விதவை ஒருத்தியின் துயரத்தைப் பொருளாகக் கொண்ட சாவித்திரி சரித்திரம் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவரலாயிற்று. எதிர்ப்பு மிகுந்தமையால் இடையில் நின்றது. அதனை அவர் கைவிட்டாரல்லர். பதினோராண்டு கழித்து, 1903-இல், முத்துமீனாட்சி என்னும் பெயரால் அதே கதையை நூலாக வெளியிட்டார். இதற்கிடையே 1898-இலும் 1899-இலும் பத்மாவதி சரித்திரத்தின் முதலிரு பாகங்கள் வெளிவந்தன. ஆங்கிலத்தில் எழுதிய தில்லை கோவிந்தன் 1903-இலும், கிளாரிந்தா 1915-இலும் வெளிப்போந்தன. இவை யாவும் உத்தியோகத்தின் நடுவே எழுந்தவை என்பதை நாம் கருதவேண்டும்.

இல்லறச் சுமையும் சிறிதன்று. அவருக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்மக்கள் மூவர். சிறுவயதில் விவாகஞ் செய்விக்கப்பட்ட அவரே, தம் எழுத்தில் பால்ய விவாகத்தைக் கண்டித்தார். தம் பெண்மக்களுக்குக் கல்வியளித்தார். நூலில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாக நடப்பவர் மலிந்த உலகில், இது சிறிய காரியமன்று. குடும்பம் அவர் எழுத்திற்குத் தடையாக நின்றதென்பதினும், எழுதவேண்டிய பொருளை அவர் கண்முன் வைத்ததென்பதே பொருந்தும்.

இனி நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். எழுத்துக்கே முழுநேரமும் வேண்டுமென்ற வேட்கையால், 1922-இல் அவர் தாமாகவே ஓய்வு பெற்றார். பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக மாற்றிக்கொண்டு, மயிலாப்பூரில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். 1924-இல் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கி, பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதிவந்தார். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னைச் சர்வகலாசாலையின் செனட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்கவேண்டுமென்று பேசிக்கொண்டிருக்கையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மூன்றாம் பாகம் முற்றுப்பெறவில்லை. கடைசிப் புதல்வர் கிருஷ்ணனுக்குப் பதின்மூன்றே வயது.

ஓய்வாகக் கிடைத்தவை மூன்றே ஆண்டுகள். அவற்றிலும் அச்சுக்கூடமும் பத்திரிகையும் புதிய கடமைகளாக வந்து சேர்ந்தன. அவர் புகழுக்கு நிலைக்களமான நூல்களிற் பல, ஓய்வற்ற முப்பதாண்டுகளிலேயே பிறந்தன. ஓய்வு வரட்டும், பிறகு எழுதுவோம் என்று அவர் காத்திருந்தால், இன்று நமக்குக் கிடைப்பது யாது? அவர் மீது குறை காண்பதற்காக இதனைக் கூறினோமல்லோம். பெருங்குடும்பத்தையுடைய ஒருவர் நிலையான ஊதியத்தை விட்டது துணிவா, அவசரமா என்பதைப் பற்றி நம்முள் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கலாம். இல்லத்தார் தாங்கிய பாரத்தையும் நாம் மறத்தலாகாது.

அவர் விதைத்தது வீணாகவில்லை. புதல்வருள் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தும் நாவல் எழுதினார். கிருஷ்ணன் வனவிலங்குகளைப் பற்றி 1996-இல் தாம் மறையும் வரை எழுதிவந்தார். தந்தை உழைப்பின் நடுவே எழுதியதைக் கண்டு வளர்ந்த வீட்டிற்கு இது இயல்பேயாம்.

ஆதலின், அன்பர்களே, கடமைகள் தீரும் நாளை எதிர்நோக்கி இருத்தல் வேண்டா. இரவில் குழந்தைகள் உறங்கிய பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். இல்லத்துப் பெண்மணிகளுக்கும் அவ்வரைமணி கிட்டுமாறு வேலைகளைப் பகிர்ந்து கொள்ளுங்கள். அடுத்த மாத இதழில் அவ்வெழுத்துக்களை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.