35 வயதில் முடிந்த வாழ்க்கை... 100 வருஷமா ஓயாத சிரிப்பு! - சுகுமார் ரேயின் கதை

வாத்தும் முள்ளம்பன்றியும் கலந்த ஒரு பிராணி. கொக்கும் ஆமையும் ஒட்டிப் பிறந்த இன்னொண்ணு. பாதி யானை, பாதி திமிங்கலமா மூணாவது ஒண்ணு. இப்படி ஒரு படம் இன்னிக்கு உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? ஏதோ ஏ.ஐ ஆப்ல பண்ணியிருக்காங்கன்னு சிரிச்சுட்டு, நாலு பேருக்கு ஃபார்வேர்டு பண்ணிட்டுப் போயிடுவீங்க.

ஆனா, இந்த மூணு பிராணிகளும் பிறந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்கத்தாவில், மூணாவது, நாலாவது, அஞ்சாவது படிக்கிற பசங்களுக்காக ஒருத்தர் பேனாவால வரைஞ்சு, பக்கத்துலயே பாட்டும் எழுதிவெச்சார். அவர் பேர் சுகுமார் ரே. 'பதேர் பாஞ்சாலி' எடுத்த சத்யஜித் ரேயின் அப்பா என்று சொன்னால் சட்டென்று அடையாளம் தெரியும். ஆனா, வங்காளத்தில் போய்க் கேட்டுப் பாருங்க. அங்கே சின்னப் பசங்களுக்கு முதல்ல அறிமுகமாகிறவர் அப்பாதான். மகன் அப்புறம்தான் வருவார்.

அச்சு மை வாசம் வீசிய வீடு

சுகுமார் பிறந்தது 1887 அக்டோபர் 30. அப்பா உபேந்திரகிஷோர் ரே சௌத்ரி, இன்றைய பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங் பகுதியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார், படம் வரைவார், வயலின் வாசிப்பார். அவர் குழந்தைகளுக்காக எழுதிய ராமாயணத்தை அச்சடித்தபோது, ஆசை ஆசையா வரைஞ்ச படங்களெல்லாம் மரக்கட்டை அச்சில் சிதைஞ்சு போச்சு. வேற யாரா இருந்தாலும் அச்சகக்காரரைத் திட்டிட்டு விட்டிருப்பாங்க. இவர் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, தானே ஆராய்ச்சியில் இறங்கிட்டார்.

ஒரு போட்டோவைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து அச்சடிக்கிற முறைக்கு 'ஹாஃப்டோன்' என்று பேர். உங்க போன் ஸ்க்ரீன்ல தெரியுற படம் குட்டிக் குட்டிப் புள்ளிகளால ஆனது இல்லையா, கிட்டத்தட்ட அதே சூத்திரம்தான். இந்தத் துறையில் உபேந்திரகிஷோர் எழுதிய கட்டுரைகள் இங்கிலாந்தின் தொழில்நுட்ப ஆண்டிதழில் வெளியாகின. அவர் தொடங்கிய 'யு. ரே' நிறுவனம்தான் பின்னால் 'யு. ரே அண்ட் சன்ஸ்' ஆனது.

வீட்டில் இருந்த மத்தவங்களும் சாதாரண ஆட்கள் இல்லை. அம்மா விதுமுகியின் சிற்றன்னை காதம்பினி கங்குலி, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். அக்கா சுகலதா, தங்கை புண்யலதா ரெண்டு பேரும் பின்னாளில் குழந்தைகளுக்காக எழுதியவர்கள். தாகூரின் குடும்ப நட்பு வேற. தாகூர் நாவல் ஒன்றில் வரும் ஒரு சிறுவனின் பேரைத்தான் சுகுமாருக்குச் செல்லப் பேரா வெச்சாங்க. தாதா!

காலேஜ் கேங்கும் காரசார மிக்சரும்

பிரசிடென்சி காலேஜில் சுகுமார் படிச்சது இலக்கியம்னு நினைச்சா ஏமாந்துபோவீங்க. இயற்பியல், வேதியியல் ரெண்டிலும் ஹானர்ஸ் எடுத்து 1906-ல் பட்டம் வாங்கினார். ஆனா, ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஆரம்பிச்ச சங்கத்துக்கு வெச்ச பேர் 'நான்சென்ஸ் கிளப்'.

அந்த கிளப்புக்குக் கையெழுத்துப் பத்திரிகை ஒண்ணு இருந்தது. அதன் பேர் 'சாரே பத்ரிஷ் பாஜா'. முப்பத்திரண்டரை வகைப் பொரியல் என்று அர்த்தம். கல்கத்தா தெருக்களில் கூவி விற்ற ஒரு நொறுக்குத்தீனியின் பேர் அது. நம்ம ஊர்ல ஒரு கேங் சேர்ந்து பத்திரிகை ஆரம்பிச்சு அதுக்குக் 'காராமிக்சர்'னு பேர் வெச்ச மாதிரி வெச்சுக்கோங்களேன். கிளப்புக்காக அவர் நாடகங்களும் எழுதினார். செட் கிடையாது, மேக்கப் கிடையாது. முழுக்க முழுக்கப் பேச்சும் முகபாவமும்தான்.

1911-ல் கல்கத்தா பல்கலைக்கழக உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத்தொழிலும் போட்டோ தொழில்நுட்பமும் படித்தார். அந்தச் சமயத்தில் தாகூரும் லண்டனில் இருந்தார். நோபல் பரிசு வருவதற்கு முன்னாடியே, தாகூரின் எழுத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை படித்து அங்கே அறிமுகப்படுத்தியவர்களில் சுகுமாரும் ஒருவர்.

இனிப்பும் சேதியும்

1913-ல் அவர் ஊர் திரும்பினார். அதே வருஷம் அப்பா ஒரு குழந்தைகள் பத்திரிகை ஆரம்பித்திருந்தார். பேர் 'சந்தேஷ்'. வங்காளத்தில் அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்: ஒண்ணு சேதி, இன்னொண்ணு பால்ல செய்யுற இனிப்பு. பசங்களுக்கு ரெண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கிற ஐடியா.

1913 டிசம்பரில் சுப்ரபாவுடன் கல்யாணம். ரெண்டே வருஷத்தில், 1915 டிசம்பரில், அப்பா காலமாகிவிட்டார். 28 வயசில் அச்சகம், பத்திரிகை, குடும்பம் எல்லாம் சுகுமார் தலையில். வடக்குக் கல்கத்தாவின் கர்பார் சாலையில், 100-ஆம் நம்பர் கட்டடத்தில்தான் வீடும் அச்சகமும். காலையில் வியாபாரக் கணக்கு, அச்சு வேலை. நடுவில் 'சந்தேஷ்' அடுத்த இதழுக்குக் கதை, பாட்டு, படம், அறிவியல் கட்டுரை. பக்கம் காலியா இருந்தா நிரப்ப வேண்டியதும் அவர்தான். நாம இன்னிக்கு ரசிக்கிற அவரோட எழுத்தில் பெரும்பகுதி, இப்படி மாசக் கெடுவுக்காக ஓடி ஓடி எழுதினது.

கூட இருந்தவங்களையும் அவர் எழுத வெச்சார். அவரோட சித்தப்பா பொண்ணு லீலா மஜும்தாரின் முதல் கதை 1922-ல் 'சந்தேஷில்' வந்தது. அவர் பிறகு வங்காளத்தின் பெரிய சிறுவர் எழுத்தாளரானார்.

காக்கா போட்ட கணக்கு

சரி, அப்படி என்னதான் எழுதினார்? கொஞ்சம் சாம்பிள் பார்ப்போமா?

'ஹஜபரல' 'சந்தேஷில்' வந்த கதை. தலைப்பே எழுத்துக்களைக் கலைச்சுப் போட்ட மாதிரி ஒரு சொல். எல்லாம் ஒரே குழப்பம் என்று பொருள். ஒரு பையன் வியர்வை துடைக்கக் கர்ச்சீப்பை எடுத்தால், அது பூனையா மாறியிருக்கும். அப்புறம் ஒரு காக்கா வரும். சிலேட்டு வெச்சுக் கணக்குப் போடுற காக்கா. ஏழு ரெண்டு பதினாலு, நாலைப் போட்டுட்டு, கையில மீதி ஒண்ணுன்னு நாம சொல்வோம். காக்கா, கையில மீதி இருக்கிறது பென்சில்னு சொல்லும். அதைவிடப் பெரிய கூத்து, ஏழு ரெண்டு எப்பவுமே பதினாலுன்னு அது ஒப்புக்காது. சரியான நேரம் பார்த்து எழுதலைன்னா விடை மாறிடுமாம்.

அதே கதையில் வரும் கிழவருக்கு நாற்பது வயசு ஆனதும் வயசைத் திருப்பி விட்டுடுவாங்க. அப்புறம் 39, 38-ன்னு இறங்கும். இல்லாட்டி வயசாகிச் செத்துப்போக வேண்டியதுதானே என்பது அவங்க நியாயம். தானே எதையோ கற்பனை பண்ணி, தானே விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு பிராணியும் உண்டு. கடைசியில் ஒரு கோர்ட் சீன், ஆந்தைதான் நீதிபதி.

'பாக்லா தாஷு' பள்ளிக்கூடக் கதைகள். பாக்லா என்றால் பைத்தியம். தாஷுவைக் கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒருநாள் அவன் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியோட ஸ்கூலுக்கு வருவான். உள்ளே என்னன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டான். ஒருவழியா மத்த பசங்க திருட்டுத்தனமா திறந்து, பொட்டலத்துக்குள் பொட்டலமாப் பிரிச்சுக்கிட்டே போனா, கடைசியில் ஒரு துண்டுச்சீட்டு. அளவுக்கு மீறின ஆர்வம் ஆகாதுன்னு அதில் எழுதியிருக்கும். இன்னிக்கு நீங்க பார்க்கிற பிராங்க் வீடியோவுக்கு எந்த விதத்திலும் குறைஞ்சதில்லை.

ஏன் இது எட்டு, ஒன்பது, பத்து வயசுப் பசங்களுக்கு இவ்வளவு பிடிக்குது? யோசிச்சுப் பாருங்க. நாலு வயசுக் குழந்தைகிட்ட அந்தப் பென்சில் ஜோக்கைச் சொன்னா சிரிக்காது. அதுக்கு வாய்ப்பாடு தெரியாது. மீதி எடுக்கிறதை இப்பத்தான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட மூணாங்கிளாஸ் பையனுக்குத்தான் அது வயிறு வலிக்கிற காமெடி. கணக்கு, இலக்கணம், ஸ்கூல் ரூல்ஸ் எல்லாம் புதுசா வந்து தலையில் ஏறுற வயசு அது. அந்த ரூல்ஸையெல்லாம் ஒருத்தர் தலைகீழா நிறுத்திக் காட்டினா, மனசு லேசாகிடும். கூடவே, அந்த ரூல் தனக்குத் தெரியும்ங்கிற பெருமையும் வரும். சயின்ஸ் படிச்ச சுகுமாருக்கு இது நல்லாப் புரிஞ்சிருந்தது. அவரோட கிறுக்குத்தனத்துக்குள்ள ஒரு கணக்கு இருக்கும்.

பெரியவங்களையும் அவர் விடலை. மீசை திருடுபோயிடுச்சுன்னு ஆபீஸையே அலறவிடுற ஹெட் கிளார்க், பலகாரத்தைக் கண்ணு முன்னால் தொங்கவிட்டு மனுஷனை நடக்க வைக்கிற மெஷின், சிரிக்கவே கூடாதுன்னு வளர்க்கப்பட்ட குஞ்சுகள் எல்லாம் அவர் பாட்டுகளில் வரும். ஒரு பாட்டில், வழுக்கி விழுந்தால்கூட போலீஸ் பிடிச்சு 21 ரூபாய் அபராதம் போடுற நாடு வருது. அதை எழுதினது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பசங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. பக்கத்தில் உட்கார்ந்து படிச்சுக் காட்டுற பெரியவங்களுக்கு வேற ஒண்ணும் உறைக்கும்.

காய்ச்சல் வந்த வருஷம்

1921 மே 2-ல் சத்யஜித் பிறந்தார். அதே வருஷத்தில் சுகுமார் படுக்கையில் விழுந்தார். வந்தது காலா அசார். தமிழில் கருங்காய்ச்சல் என்பார்கள். மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய்; மண்ணீரல் வீங்கும், ரத்தம் குறையும், உடம்பு உருகும். வங்காளத்தையும் அசாமையும் பல காலம் ஆட்டிப்படைத்த நோய் அது. இதில் கொடுமை என்ன தெரியுமா? அதே கல்கத்தாவில், அதே வருஷங்களில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற மருத்துவர் இதற்கான மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னாளில் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றிய அந்த மருந்து, பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்குள் சுகுமாரின் காலம் முடிஞ்சுபோச்சு.

ரெண்டரை வருஷம் போல நோயோடு போராடினார். நோயாளி என்றால் சும்மா படுத்திருக்கலையே! எழுதினார், வரைஞ்சார், 'சந்தேஷைக்' கவனிச்சார். முன்பு இதழில் வந்த பாட்டுகளை எடுத்துத் திருத்தி, புதுசா சிலதைச் சேர்த்து, தன் முதல் கவிதைப் புத்தகத்துக்கு வடிவம் கொடுத்தார். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அட்டை எப்படி என்பதெல்லாம் படுக்கையிலேயே முடிவானது. 'ஆபோல் தாபோல்' என்று பேர். அர்த்தமில்லாத பிதற்றல் என்று சொல்லலாம்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாட்டை எழுதும்போது, தான் பிழைக்க மாட்டோம்னு அவருக்குத் தெரியும். அழுகை, புலம்பல் எதுவும் அதில் இல்லை. கனவும் வேடிக்கையுமா ஓடிக்கிட்டே வந்து, தூக்கம் வருது, பாட்டு முடியுதுங்கிற மாதிரி நிற்கும். படிக்கிற குழந்தைக்கு அது தாலாட்டு. விஷயம் தெரிஞ்ச பெரியவங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

தாகூர் நேரில் வந்து, அவர் படுக்கை அருகே உட்கார்ந்து பாட்டுப் பாடினார். 1923 செப்டம்பர் 10-ல் சுகுமார் காலமானார். 36-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. சரியா ஒன்பது நாள் கழிச்சு, செப்டம்பர் 19-ல், 'ஆபோல் தாபோல்' அச்சாகி வெளிவந்தது. அச்சுக்கலையை அத்தனை ஆசையாப் படிச்ச மனுஷன், அந்தப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

அதுக்கப்புறம்

சில வருஷத்திலேயே நிறுவனம் கடனில் மூழ்கிக் கைவிட்டுப் போச்சு. வீடும் போச்சு. சுப்ரபா மகனோடு தன் தம்பி வீட்டுக்குக் குடிபோய், வேலைக்குப் போய் அவரை வளர்த்தார். அப்பா இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயசுகூட ஆகலை. அப்பாவை அவர் தெரிஞ்சுக்கிட்டது பெரும்பாலும் எழுத்து, படம் வழியாத்தான்.

'ஹஜபரல' 1924-ல் புத்தகமானது. 'பாக்லா தாஷு' 1940-ல், தாகூரின் முன்னுரையோடு வந்தது. 1961-ல் சத்யஜித் 'சந்தேஷை' மறுபடி உயிர்ப்பித்தார். உலகம் கொண்டாடுற டைரக்டர், பள்ளிக்கூடப் பசங்களுக்கு மாசாமாசம் கதை எழுதவும் படம் வரையவும் உட்கார்ந்தார். விஞ்ஞானி ஷோங்கு, துப்பறியும் ஃபெலூடா ரெண்டு பேரும் பிறந்தது அந்தப் பக்கங்களில்தான். 1987-ல், அப்பாவின் நூற்றாண்டுக்கு, அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார்.

நீங்க வங்காளி இல்லைன்னாலும் பரவாயில்லை. சுகாந்த சௌத்ரி உட்படச் சிலர் செய்த நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கு. உங்க வீட்டில் அக்கா பையனோ, தம்பியோ, பக்கத்து வீட்டுப் பொண்ணோ, எட்டு ஒன்பது வயசில் யாராவது இருந்தா, போனைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, அந்தக் காக்காவோட கணக்கை உங்க பாணியில் தமிழ்ல சொல்லிப் பாருங்க. படிப்பினை, அறிவுரை எதையும் கடைசியில் ஒட்டாதீங்க. சுகுமார் ஒட்டினதில்லை.

அந்தக் குழந்தை ஒரு நிமிஷம் உங்களை முறைச்சுப் பார்க்கும். அப்புறம் சிரிக்கும். அப்புறம், இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்.