கணக்காளருக்கும் புரியணும்: கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் ஹாப்பர் 1906-ல் நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயசிலேயே வீட்டு அலாரம் கடிகாரங்களைக் கழற்றிப் பார்த்தவர். அம்மா கண்டுபிடிப்பதற்குள் ஏழு கடிகாரம் காலி! 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, வாசர் கல்லூரியில் பாடம் எடுத்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டின் மார்க் 1 கம்ப்யூட்டரில் வேலை. அங்கே சரியா ஓடுன கோடை ஆளாளுக்கு நோட்டில் எழுதி வைத்து, ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் காப்பி அடிப்பார்கள். நம்ம ஹாஸ்டல் மாதிரிதான்! ஆனா கையால் எழுதும்போது எண்கள் மாறிப்போகும், புரோகிராம் தப்பாகும். அந்த வேலையை மெஷினிடமே கொடுத்துவிட நினைத்தார். யூனிவாக் கம்ப்யூட்டருக்காக 1952 வாக்கில் அப்படி உருவானதுதான் ஏ-0.

அடுத்து அவர் கவனித்தது இன்னும் முக்கியம். கணிதக்காரர்களுக்குக் குறியீடு பிடிக்கும். ஆனா சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு பார்க்கிறவர்களுக்கு அது புரியாது. கணக்கு தெரிந்தவரால் கோடைப் படிக்க முடியலைன்னா, தப்பை யார் கண்டுபிடிப்பது?

அதனால் ஆங்கில வார்த்தைகளிலேயே புரோகிராம் எழுதலாம் என்றார். கம்பெனி மேலிடம் மறுத்தது. விடாமல் செய்து காட்டினார். அதே புரோகிராமை பிரெஞ்சு, ஜெர்மன் வார்த்தைகளிலும் காட்ட, அமெரிக்க மெஷினுக்கு அந்த மொழியெல்லாம் எப்படித் தெரியும் என்று மேலிடம் மிரண்டது! மெஷினுக்கு எல்லா மொழியும் வெறும் குறியீடுதான் என்பதைப் புரியவைக்க நாளாச்சு. கடைசியில் ஃப்ளோ-மேட்டிக் வந்தது.

1959-ல் பல கம்பெனிகளும் அரசுத் துறைகளும் சேர்ந்து கோபால் மொழியை உருவாக்கின. அதை எழுதியது ஒரு குழு. ஆனா அடித்தளத்தில் பெரும்பங்கு ஃப்ளோ-மேட்டிக்குக்குத்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம், இரண்டு வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடியது. இது வளவளன்னு இருக்குன்னு கிண்டல் செய்தவர்கள் நிறைய. இருந்தாலும் பல வங்கிகளில் கோபால் இன்னும் ஓடுது.

1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

நாம இன்னைக்கு எஸ்க்யூஎல்லில் கேள்வி எழுதுவதும், பைத்தானில் நாலு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்வதும் அவர் காட்டிய பாதைதான். ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க கோடை டீம்ல இன்னொருத்தர்கிட்ட கொடுங்க. நீங்க விளக்காமலே அவங்களுக்குப் புரியுதான்னு பாருங்க!