கிளிகளை வரைந்த நகைச்சுவைக் கவிஞர்

இலண்டன் மாநகரில் 1812ஆம் ஆண்டு பிறந்த எட்வர்ட் லியரை, மூத்த தமக்கை ஆன் தாயாக நின்று வளர்த்தார். இளமையிலேயே பற்றிய வலிப்பு நோயை அவர் வாழ்நாளெல்லாம் வெளியார் அறியாது மறைத்தார். உயிருள்ள கிளிகளை நேரிற்கண்டு வரைந்து, இருபது வயதுக்குள் வெளியிடத் தொடங்கிப் புகழ்பெற்றார். நோஸ்லி மாளிகையில் டெர்பி பிரபு வளர்த்த விலங்குகளையும் பறவைகளையும் வரையச் சென்றவர், அங்கிருந்த சிறார்க்காக நகைப்பாடல்களும் கோட்டுப்படங்களும் புனைந்தார். 1846இல் அத்தகையவை நூலாயின. 1871இல் வெளிவந்த நூலிலோ இல்லாத செடிகளுக்கும் படம் வரைந்து பெயரிட்டார். இயற்கையை நுணுகி அறிந்த கையே அதனைக் கோணலாக்கியும் காட்டியது. ஆதலின் அக்கோணலிலும் உயிர்த்துடிப்பைக் காண்கிறோம். 1888இல் இத்தாலியின் சான் ரெமோவில் அவர் மறைந்தார். தம் துயரை மறைத்துக் குழந்தைகளுக்குச் சிரிப்பை ஈந்த அப்பெருமகனாரை நாம் நன்றியுடன் நினைவுகூர்வோமாக!